வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் ஊரணியைத் தூர்வாரினோம்

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். ஊரணியைத் தூர்வாரணும் என்று சொன்னதும் துபாய், குவைத், தமாம், சிங்கப்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் "நான் ரெடி" வந்துவிட்டது. ஆள் சேர்ப்பது லேசு. சேர்ந்தவர்களில் யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பிரிப்பதில்தான் முக்கால்வாசி நேரம் போனது. ஷார்ஜாவில் தங்கி துபாயில் வேலை பார்த்துக்கொண்டே இதை ஒருங்கிணைத்தேன். வேறு ஊர்க்காரர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் நேரம். குவைத், சவூதி, கத்தாரில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. சிங்கப்பூரிலும் அப்படியே. ஆக, பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை. ஊரில் மாலை நாலரை என்றால் எங்களுக்கு மூன்று, குவைத்துக்கு இரண்டு, சிங்கப்பூருக்கு ஏழு. அதையே வைத்துக்கொண்டோம். இங்கே வாட்ஸ்அப் கால் போகாது, அதனால் ஜூம். தொழிலாளர் கேம்ப்பில் தங்கி சனிக்கிழமையும் டூட்டிக்குப் போகிறவர்களுக்கு, பேசி முடித்ததை ஒரே வாய்ஸ் நோட்டாகப் போட்டுவிடுவேன். குரூப்பில் குவியும் மெசேஜையெல்லாம் உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு ஏது நேரம்?

அடுத்தது பணம். அமீரகத்தில் உரிமம் இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். 2021-இல் இதற்கென்றே கூட்டரசுச் சட்டம் வந்திருக்கிறது. நல்ல காரியம்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. சிங்கப்பூரிலும் வெளிநாட்டு அறக்காரியத்துக்காகப் பொதுமக்களிடம் வசூலிக்க அனுமதி வாங்க வேண்டும். ஆகவே குரூப்பில் தொகையோ அக்கவுண்ட் நம்பரோ போடக் கூடாது, யாரும் யாரிடமும் வாங்கிச் சேர்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கொடுக்க நினைப்பவர் தானே ஊர் அறக்கட்டளையோடு பேசி, தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தியப் பக்கம் இன்னொரு முடிச்சு. எங்கள் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு, கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ கார்டு இருந்தாலும் ஆகும்தான். இதை அப்படிக் குடியுரிமை வாங்கிய ஒரு காக்காவிடம் (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னேன். "நான் இந்த ஊரணித் தண்ணி குடிச்சு வளந்தவன்ப்பா, என் காசு எப்படி வெளிநாட்டுக் காசாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சட்டம் பாஸ்போர்ட்டைத்தானே பார்க்கிறது! சொந்தக்காரர் பேருக்கு அனுப்பி அவர் மூலமாகக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. அந்தச் சுற்றுவழி எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றேன்.

காக்கா சிவில் இன்ஜினியர். பணத்துக்குப் பதில் வேலை செய்தார். அரசு இணையதளத்திலிருந்து புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடம்) இறக்கி, எல்லை எது, எத்தனை யூனிட் மண் வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பினார். ஊராட்சித் தீர்மானத்தோடு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குப் போன மனுவுக்கு அந்தக் கணக்குதான் பலம்.

அனுமதிக்கு அலைந்ததெல்லாம் ஊரில் இருக்கும் தம்பிகள். போனில் நச்சரித்தது மட்டும் நான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் படகில் போகும் பையன்கள் கரையில் இருந்தார்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி ஒதுக்கியது அவர்கள்தான்.

மண் அள்ளும் ஹிட்டாச்சி இறங்கியதும் வெளிநாட்டு ஆட்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வண்டிதான் வந்திருக்கே, இன்னும் ஆறடி இறக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊரில் ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோ காலில் சாம்பல் நிறக் களிமண்ணை ஒரு உருண்டை பிடித்துக் காட்டினார். விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. "இதுதாம்ப்பா அடிப்பூட்டு. இத ஒடச்சா கீழ உப்புதான்." எங்கள் கரையில் நல்ல தண்ணீர் என்பது மழை விட்டுப் போகும் மேல்தண்ணீர். அது உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிறது. அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினோம். அதற்கப்புறம் அடிக்கணக்கு வரைந்த கம்பைக் குழியில் நட்டுத்தான் தினமும் போட்டோ அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. கம்பு இல்லாத போட்டோவை வைத்து இங்கிருந்து யாரும் கருத்துச் சொல்லக் கூடாது.

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. கணக்கு முடியத்தான் நாளானது. பணம் அனுப்பிய ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் நகலும் வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டார். பலமுறை கேட்டும் தராத சிலருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். அதில் ஒரு மச்சான் இன்னும் என் போனை எடுப்பதில்லை. ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வேலை பாக்கி இருக்கிறது. அதற்கு அவர் வேண்டும், அதனால் பாஸ்போர்ட் நகல் கேட்கும் பொறுப்பை இந்தமுறை காக்காவிடம் தள்ளிவிட்டேன்.