300 மி.மீ. லென்ஸும் ஒரு பஞ்சுருட்டானும்

காட்டுயிர்ப் படம் எடுக்கப் பழகுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் கேள்வி, "என்ன லென்ஸ்?" கையில் இருப்பது 70-300 மி.மீ. ஜூம். 600 வாங்கும் ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் ஒரு சின்னக் கணக்கு அதைத் தள்ளிப்போட வைத்தது. இருபது மீட்டர் தள்ளி இருக்கும் பறவை 600 மி.மீ. லென்ஸில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதே அளவுக்குப் பத்து மீட்டரில் 300-லும் தெரியும். கூடுதல் லாபம், இடையில் உள்ள காற்றும் பாதியாகிவிடும். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்பும் கானல், லென்ஸ் என்ன விலை என்று பார்ப்பதில்லை. தூரத்துப் பறவையின் இறகெல்லாம் குழைந்துபோய்த்தான் பதிவாகும். ஆகவே இதுவரை நான் பழகியதெல்லாம் அந்தப் பத்து மீட்டரைப் பிடிப்பது எப்படி என்பதுதான்.

பழகுவதற்குப் பூச்சி பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் பறவையைத் தேர்ந்தெடுத்தேன். இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. காய்ந்த குச்சி ஒன்றின் நுனியில் உட்காரும், பூச்சி தென்பட்டால் பாய்ந்து பிடிக்கும், பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். துரத்த வேண்டிய வேலையே இல்லை. குச்சியைக் கண்டுபிடித்து, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டால் போதும்.

தேனீயோடு திரும்பினால் இன்னும் விசேஷம். அலகின் நுனியில் தேனீயை இடுக்கிக்கொண்டு குச்சியில் 'டக் டக்' என்று அடிக்கும். அப்புறம் பிடியை மாற்றி, வால்பக்கத்தைக் குச்சியில் வைத்துத் தேய்க்கும். கொடுக்கின் நஞ்சு பிதுங்கி வெளியேறும்வரை தேய்ப்பு தொடரும். கடைசியில் தூக்கிப் போட்டு விழுங்கும். இதற்குச் சில நொடிகள் ஆகும், அந்தச் சில நொடிகளும் நமக்கு. முதலில் சிறகடிப்பதைப் படமெடுக்கத்தான் போயிருந்தேன். இப்போது மெமரி கார்டில் பாதி, இந்தத் தேய்ப்புப் படலம்தான்.

நெருங்குவதில் புரிந்தது: நேராக நடந்தால் பறக்கும், சாய்வாக, வேறு எதையோ பார்த்தபடி போனால் பொறுத்துக்கொள்ளும். இறகைக் கோதிக்கொண்டிருக்கும் பறவை நம்மைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம். கோதுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் நாமும் நின்றுவிட வேண்டும். மறுபடி கோதத் தொடங்கியதும் இரண்டடி. நாம் உட்கார்ந்த நிலையில் இன்னும் கிட்டே விடுகிறது. கேமராவும் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குவதால் பின்னணி வெகுதூரம் தள்ளிப்போய்ப் பச்சையாகக் கரைந்துவிடுகிறது. மங்கலான பின்னணிக்குப் பெரிய அபர்ச்சர்தான் (லென்ஸின் துளை) வழி என்று நினைத்திருப்பவர்கள் ஒருதரம் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

மனித உருவம் தெரியாமலிருந்தால் பாதி வேலை முடிந்தது. நிறுத்திய காருக்குள்ளிருந்து எடுத்தால் பல பறவைகள் சட்டை செய்வதே இல்லை. ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர் இரவில் படகின் முனையில் விளக்கை வைத்து ஓசையில்லாமல் துடுப்புப் போட்டுப் போவாராம். கரையில் நிற்கும் மானுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும், படகும் ஆளும் இருட்டுக்குள். பக்கத்தில் போனதும் ஃபிளாஷ். அந்தப் படங்கள் 1906-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வந்தன. அந்தக் கால ஃபிளாஷ் என்பது பளிச்சென வெடிக்கும் பொடி. மான் பிறகு என்ன பாடுபட்டிருக்கும் என்றும் தோன்றுகிறது.

அமைப்புகள் பற்றிச் சுருக்கமாக. கேமரா மேனுவலில், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) மட்டும் ஆட்டோவில். உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 அல்லது அதற்கு மேல். ஸ்டெபிலைசேஷன் என் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் தலை வெடுக்கென்று திரும்புவதை அடக்காது. ஐ.எஸ்.ஓ. ஏறி, படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிவது பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இருண்ட தண்ணீருக்கு முன் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைக்கிறேன், இல்லையென்றால் இறகு வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். வானத்தைப் பின்னால் வைத்துக் கறுப்பான கரிச்சானை எடுத்தால் இதற்கு நேர்மாறு. க்ராப் செய்வதிலும் கஞ்சத்தனம் வேண்டும். 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6.

காற்று விஷயம் யாரும் முதலில் சொல்வதில்லை. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்குவதும் அப்படித்தான். எனவே காற்று என் முதுகில் பட்டால் பஞ்சுருட்டான் என்னைப் பார்த்தபடி வந்து இறங்குகிறது. முகத்தில் பட்டால் வால்தான் கிடைக்கும். மானுக்கோ நரிக்கோ போகிறவர்கள் இதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். நம் வாசனை காற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டால் அவை முகத்தையே காட்டாது. இன்னொன்று, எச்சம் போட்டால் கேமராவைத் தூக்குங்கள். பல பறவைகள் கிளம்புமுன் சுமையை இறக்கிவிட்டுத்தான் போகின்றன.

பத்து மீட்டருக்குக் குறுக்குவழிகளும் உண்டு. இரை வைப்பது, பதிவுசெய்த குரலைப் போட்டு வரவழைப்பது, கூட்டருகே காத்திருப்பது. மூன்றும் எனக்கு வேண்டாம். குரலைக் கேட்டு எதிரி வந்துவிட்டதாக நினைத்துத் தன் எல்லையைக் காக்க ஓடிவரும் பறவை, இரை தேட வேண்டிய நேரத்தை நமக்காக வீணாக்குகிறது. பெரிய இடங்களிலும் குறுக்குவழிப் புகார் வந்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009-இல் வென்றது வேலிக்கதவைத் தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் மறுத்தார்.

இப்போதைய நிலவரம்: குச்சியின் மேல் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, ஃப்ரேமில் ஒரு பக்கம் தாராளமாக இடம் விட்டு, பறவை திரும்பி வரும்போது அழுத்துகிறேன். இறக்கை விரிந்து, அலகில் பூச்சியோடு கண் கூர்மையாக விழுந்த படங்கள் வரத் தொடங்கிவிட்டன. இறக்கை நுனி மட்டும் 1/2000-இலும் கொஞ்சம் கலங்குகிறது. 1/3200 வைத்தால் காலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. எகிறுகிறது, ஆகவே வெயில் சற்று ஏறியபின், கானல் தொடங்குவதற்குள் இருக்கிற இடைவெளியில்தான் இதற்கு முயல வேண்டும். அடுத்து மீன்கொத்தி. அது தண்ணீரில் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. மீனோடு திரும்பி எந்தக் கிளையில் அடித்துத் தின்னும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அந்தக் கிளையிலிருந்து தொடங்கப்போகிறேன்.