ரத்தம் உறையாதவருக்கு வேர் சிகிச்சை: பயப்பட வேண்டிய இடம் வேறு

ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா உள்ள ஒருவருக்குக் கடைவாய்ப்பல் வலித்தால், ரத்தம் நிற்காதே என்று அவரே தள்ளிப்போடுகிறார். துணிந்து வந்தாலோ, பல் மருத்துவர் பயந்து திருப்பி அனுப்புகிறார். இதற்குள் வேர் நுனியில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி, பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லாமல் போகிறது. உண்மையில் ரத்தப்போக்குக்கு அஞ்ச வேண்டியது பிடுங்குவதற்குத்தான். வேர் சிகிச்சையில் (ரூட் கெனால்) ஈறை வெட்டுவதில்லை, தையல் இல்லை, சீழும் பல் வழியாகவே வடிந்துவிடும்.

கவனம் முழுவதையும் கேட்பது மரத்துப்போகப் போடும் ஊசி. கீழ்த்தாடை நரம்பைத் தேடி ஆழமாகப் போகும் ஊசி ரத்தக்குழாயைக் குத்திவிட்டால், ரத்தம் தொண்டையை ஒட்டிய இடுக்குகளில் இறங்கி மூச்சுப்பாதையையே அழுத்தும். வாயில் ஒரு சொட்டும் தெரியாது. ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபேக்டரை ஏற்றாமல் அந்த ஊசியைப் போடவே கூடாது. ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் ஃபேக்டர் 8 கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். ஃபேக்டர் 9 சுமார் 1 சதவீதம்தான். 60 கிலோ எடையுள்ள, தீவிர ஹீமோபிலியா ஏ (ஃபேக்டர் 8 அறவே இல்லாத நிலை) உள்ளவருக்கு 40 சதவீதம் வேண்டுமென்றால் 1200 யூனிட். குப்பியில் மிஞ்சுவதை வீணாக்காமல் 1250 ஆகக் கொடுத்துவிடலாம். எத்தனை சதவீதம் என்பதை ரத்தநோய் மருத்துவர் சொல்ல வேண்டும். ஏற்றும் ஃபேக்டரை முறியடிக்கும் எதிர்ப்பொருள் (இன்ஹிபிட்டர்) உடலில் உருவாகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஃபேக்டர் 8 செய்யும் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் மருந்தைப் போட்டுக்கொள்பவரின் ஏபிடிடி என்ற ரத்த உறைவுச் சோதனை சரியாக வந்திருந்தாலும் நம்பக்கூடாது. அந்த மருந்தே சோதனையைக் குழப்பிவிடும்.

பல நேரங்களில் அந்த ஊசியே தேவைப்படாது. 4 சதவீத ஆர்ட்டிகெய்ன் என்ற மரப்பு மருந்தைக் கன்னப்பக்க ஈறில் மெதுவாகச் செலுத்தினாலே பல கீழ்ப்பற்கள் மரத்துவிடும். உள்ளே நரம்பு முழுவதும் செத்துச் சீழ் பிடித்த பல்லுக்கு மரப்பே வேண்டாமலும் போகலாம்.

பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டாயம். சுழலும் கருவியிலிருந்து நாக்கையும் கன்னத்தையும் அது காக்கும். அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் ஈறைக் கடிக்காமல் பல்லில் உட்கார வேண்டும். எச்சில் உறிஞ்சும் குழாயை நாக்கடியில் வெறுமனே விடாதீர்கள். மென்மையான தசையை இழுத்துப் பிடித்து அங்கேயே ரத்தம் கட்டவைத்துவிடும். அடியில் ஒரு காஸ் துணி போதும்.

வேர்க் கால்வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தால் உடனே நோயின் மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: உயிருள்ள திசு உள்ளே மிச்சமிருக்கிறது, அல்லது கால்வாயைச் சுரண்டும் கருவியான ஃபைல் வேர் நுனியைத் தாண்டிவிட்டது. வேர் நுனியைக் காட்டும் மின்கருவியான அபெக்ஸ் லொகேட்டரில் நீளம் பார்த்து, எக்ஸ்ரேயில் உறுதிசெய்துவிட்டால் இரண்டாவது வராது. முதலாவதற்கு மீண்டும் சுத்தம் செய்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடி அனுப்பி, அடுத்த முறை அடைக்கலாம். கழுவும் ஊசி பக்கவாட்டில் துளையுள்ளதாக, நுனிக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும், கால்வாயில் இறுகக் கூடாது. ஹைப்போகுளோரைட் வேரைத் தாண்டினால் யாருக்குமே முகம் வீங்கிக் கறுக்கும். இவர்களுக்கு அது பல மடங்கு.

வலிக்குப் பாராசிட்டமால். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். இடுப்பில் போடும் வலி ஊசியோ கூடவே கூடாது, தசைக்குள் ரத்தம் கட்டிவிடும். ஈறில் கசிவு இருந்தால் ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி நீரில் கலக்கினால் 5 சதவீதக் கரைசல். 2 நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டும், நாளுக்கு 4 முறை. சிறுநீரில் ரத்தம் போகிறவருக்கு இந்த மருந்தை மாத்திரையாகக் கொடுப்பதற்கு முன் ரத்தநோய் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆழமான ஊசி போட்டிருந்தால், வீட்டுக்கு அனுப்பும்போது கூட வந்தவரிடமும் சொல்லியாக வேண்டும்: விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், வாய் திறக்க முடியாமை, தாடைக்கடியில் வீக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திராமல், ஃபேக்டர் இருக்கும் மருத்துவமனைக்கு அந்த இரவே போக வேண்டும்.