1098க்கு போன் பண்ணுனது நான்தான்

போன வருஷம் வைகாசில எங்க அக்கா பொண்ணுக்கு கல்யாணம் பேசிட்டாங்க. பத்தாவது பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துட்டு இருந்த புள்ள, 15 முடிஞ்சு 16 நடக்குது. அக்காவும் மாமாவும் பெங்களூர்ல கட்டட வேலை, வருஷத்துல பாதி நாள் அங்க ஷெட்டுலதான், பொண்ணு பாட்டிகூட ஊர்ல. வயசுக்கு வந்த புள்ளைய கெழவிய நம்பி எப்படி விட்டுட்டு போறதுன்னு அக்காவுக்கு பயம். அந்த பயம் பொய்னு நான் சொல்ல மாட்டேன், எங்க அரூர் பக்கம் நெறைய கல்யாணம் இப்படி பயத்துலதான் நடக்குது.

எனக்கும் 16லதான் கட்டி வெச்சாங்க, 17ல பெரியவன் பொறந்தான், உடம்புல ரத்தமே இல்லாம ஆஸ்பத்திரில நான் கெடந்த கெடப்ப பாத்து அழுதவ இதே அக்காதான். அத சொல்லித்தான் கெஞ்சினேன். "உனக்கென்ன, உன் புருஷன் உள்ளூர்ல சம்பாதிக்கிறான், உனக்கு பேச்சு வருது"ன்னுட்டா.

முகூர்த்தத்துக்கு மூணு நாள் இருக்கும்போது மாட்டுக்கொட்டாய்க்கு பின்னாடி நின்னு, குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணுனேன், கை நடுங்குது, பேரு வெளிய தெரியாதுன்னு அவங்க சொன்னப்புறம்தான் ஊர் பேரே சொன்னேன். மறுநாள் சமூக நலத்துறைல இருந்து வந்தாங்க, கூட போலீஸும். பொண்ணுக்கு 18 ஆகாம தாலி கட்டுனா 2006 வருஷ சட்டப்படி கட்டறவனுக்கு மட்டுமில்ல, நடத்தி வெக்கிறவங்களுக்கும் 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு சொல்லி எழுதி கையெழுத்து வாங்கிட்டு போனாங்க. கல்யாணம் நின்னுச்சு.

அதோட முடிஞ்சிருந்தா இத எழுதவே மாட்டேன். போன் பண்ணுனது பள்ளிக்கூடத்து டீச்சர்தான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, அந்த புள்ள மேல பாசமா இருந்த டீச்சர், ஒண்ணுமே தெரியாதவங்க. மாமா நாலு பேர கூட்டிட்டு போயி பள்ளிக்கூடத்து வாசல்லயே வாய்க்கு வந்தத பேசிட்டு வந்தாரு. நான் வாய மூடிட்டு இருந்தேன். ரெண்டு ராத்திரி தூக்கமில்ல.

அப்ப எனக்கு வாச்சாத்திதான் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. எங்க தாலுக்காதான், சித்தேரி மலை அடிவாரம். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள பூந்து ஊரையே சூறையாடுனாங்க, 18 பொண்ணுங்கள நாசம் பண்ணுனாங்க. குத்தம் சாட்டுனது 269 பேர் மேல, 2011ல தருமபுரி கோர்ட்டு தீர்ப்பு சொல்றதுக்குள்ள அதுல 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அப்பீலும் 2023லதான் தள்ளுபடி ஆச்சு. 31 வருஷம். அந்த பொண்ணுங்க கோர்ட்டுல ஏறி நின்னு நடந்தத தன் வாயால சொன்னாங்க. சர்க்காரையே எதுத்து நின்னவங்க அவங்க, நான் என் கூடப்பொறந்தவ மூஞ்சிக்கு பயந்து ஒளிஞ்சிட்டு இருக்கேன், எனக்கு பதிலா ஒரு டீச்சர் திட்டு வாங்குது.

மூணாம் நாள் காலைல அக்கா களி கிண்டிட்டு இருந்தா. போயி நின்னேன், எப்படியெல்லாமோ சொல்லணும்னு யோசிச்சு வெச்சிருந்தேன், எதுவும் வரல, "அக்கா, டீச்சர் இல்ல, நான்தான் போன் பண்ணுனேன்"னு மட்டும் வந்துச்சு. களி துடுப்ப விடாம என்னையே பாத்தா. திட்டல. "போயிரு"ன்னா.

அன்னைக்கே டீச்சர்கிட்டயும் போயி சொல்லி மன்னிப்பு கேட்டேன். மாமா இன்னும் கேக்கல.

அந்த புள்ள இப்ப பதினொண்ணாவது, அக்கவுண்ட்ஸ் குரூப், பாட்டி போன்ல இருந்து எனக்கு பேசுவா. அக்கா பேசறதில்ல. ஒவ்வொரு ஆடி 18க்கும் ரெண்டு பேரும் ஒண்ணா அனுமந்தீர்த்தம் போயி ஆத்துல முழுகிட்டு வருவோம், போன ஆடிக்கு நான் மட்டும் போனேன். அவளுக்குன்னு வாங்குன மஞ்சக்கயிறு சாமி படத்துகிட்ட இன்னும் அப்படியே இருக்கு.