மாந்தோப்புக்கு நீள்கம்பு ரம்பம்: தலை மாற்றும் கருவியைப் பற்றிச் சில குறிப்புகள்

நத்தம் பக்கத்துப் பழைய மாந்தோப்புகளில் மரங்கள் முப்பது அடிக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். செந்தூரமோ கல்லாமையோ, இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டால் பக்கத்து மரத்தின் கொப்புகளோடு பின்னிக்கொண்டு, உள்பக்கம் இருட்டி, கீழ்க்கொப்புகள் காய்ந்து, காய்ப்பு முழுவதும் உச்சிக்குப் போய்விடுகிறது. இதற்குக் கவாத்து ஒன்றே வழி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கவாத்து செய்ய வேண்டிய கொப்புகளில் பெரும்பகுதி எட்டடியிலிருந்து பதினைந்தடி உயரத்தில் இருக்கிறது. தொரட்டி அந்த உயரத்துக்கு எட்டும் என்றாலும், கைவிரல் பருமனுக்கு மேல் அதனால் அறுக்க முடியாது. மணிக்கட்டுப் பருமனுள்ள கொப்புக்கு ஏணி வைத்து ஏறி, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டரிவாளை வீச வேண்டும். தோப்பு வேலையில் ஆட்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட உயரத்தில்தான். உச்சிக்கு ஏறுகிறவர் கயிறு கட்டிக்கொண்டு கவனமாக ஏறுகிறார். பத்தடிக்கு யாரும் கயிறு கட்டுவதில்லை.

நீண்ட கம்பின் நுனியில் சிறிய சங்கிலி ரம்பம் பொருத்திய நீள்கம்பு ரம்பத்தை நான் வாங்கியது இந்த இடைவெளிக்காகத்தான். தனி ரம்பமாக வாங்காமல், ஒரே எஞ்சினில் தலைகளை மாற்றிப் பொருத்தும் வகையை எடுத்தேன். ஸ்டில், ஹோண்டா போன்ற நிறுவனங்கள் இந்த வகையை விற்கின்றன. பின்பக்கம் சிறிய எஞ்சின், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் பாதியில் ஓர் இணைப்பு என்பதே இதன் அமைப்பு. இணைப்பில் உள்ள பூட்டு முள்ளை அழுத்தி, திருகைத் தளர்த்தினால் முன்பாதி கழன்று வரும். வேறொரு தலையைச் செருகி, முள் துளைக்குள் விழும் சத்தம் கேட்டபின் திருகை இறுக்க வேண்டும். அந்தத் திருகு அரைகுறையாக இறுகியிருந்தால் உள்ளே சுழலும் தண்டின் முனை ஆடி ஆடித் தேய்ந்துவிடும். ஒரு நிறுவனத்தின் தலை வேறொரு நிறுவனத்தின் தண்டுக்குச் சேரும் என்று கடைக்காரர் சொன்னால், அங்கேயே பொருத்திக் காட்டச் சொல்வது நல்லது.

ரம்பம், புல் வெட்டும் தலை, வேலி கத்தரிக்கும் தலை, மண் கிளறும் தலை என்று நான்கு தலைகளைக் கடையில் ஒரே மூச்சில் சொல்வார்கள். நான்கும் ஒரே தரத்தில் உழைக்கும் என்று நினைக்க வேண்டாம். ரம்பத்தலை கொடுத்த காசுக்கு முழுதாக உழைக்கிறது. புல் வெட்டும் தலையும் அப்படியே, மழைக்குப்பின் மரத்தடிக் களையை நைலான் கயிற்றாலும், புதர்களை இரும்புத் தகட்டாலும் ஒழுங்கு செய்யலாம். மண் கிளறும் தலை, நம் பக்கத்துச் செம்மண் காய்ந்து இறுகியபின் மேலே துள்ளுகிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை. காய்கறிப் பாத்திக்கு வேண்டுமானால் அது உதவும். வேலி கத்தரிக்கும் தலை வீட்டு முகப்பில் செடிச்சுவர் வைத்திருப்பவருக்கு உரியது. முதலில் இரண்டு தலைகளோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காசுக்கு நல்ல தோள்பட்டி வாரும் தலைக்கவசமும் வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். எஞ்சினும் கம்புமாகச் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ எடை. அதில் கொஞ்சம் எடை கம்பின் நுனியில் இருப்பதால், வாரில்லாமல் கையால் மட்டும் தூக்கினால் அரைமணி நேரத்தில் தோள் தளர்ந்துவிடும். நீட்டிப்புக் குழாயை ரம்பத்தலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். புல் வெட்டும் இரும்புத் தகட்டோடு அதை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது.

கொப்பை அறுக்கும் முறையில்தான் இந்தக் கருவியின் நன்மையும் தீமையும் இருக்கின்றன. கம்பு தரையோடு அறுபது பாகைக்கு மேல் நிமிராதபடி பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் அறுக்கிறவர் கொப்புக்கு நேர்கீழே நிற்கவே முடியாது. விழுகிற கொப்பு அவருக்கு முன்னால் விழும். கம்பை நிமிர்த்த நிமிர்த்த ஒரு முழம் கூடுதலாக எட்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஒரு முழத்துக்காகத் தலைக்கு நேர்மேலே அறுப்பது வேண்டாத வேலை. வேலை நடக்கும்போது மற்றவர்கள் பதினைந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். எங்கள் தோப்பில் பல காலமாக மரம் ஏறிவரும் பெரியவர் ஒருவர் இந்தக் கருவியைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஆனாலும் அவர் சொன்ன ஒரு பேச்சு எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக இல்லை: "தம்பி, கொப்பு எந்தப் பக்கம் விழும்னு பாக்குறது அப்புறம். நீங்க எந்தப் பக்கம் ஓடுறதுன்னு மொதல்ல பாத்து வச்சுக்கங்க."

மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட கொப்பை ஒரே வெட்டில் அறுத்தால், பாதி அறுபடும்போதே அது தன் பாரத்தால் முறிந்து, அடிப்பட்டையைத் தண்டு வரை உரித்துக்கொண்டு தொங்கும். ஆகவே நுனியிலிருந்து துண்டு துண்டாகப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் மூன்று வெட்டுகளாக முடிக்க வேண்டும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து கொப்பின் கால்வாசிப் பருமனுக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. கொப்பு விழுந்தபின் மிச்சமிருக்கும் கட்டையை அதன் அடியில் மூன்றாவது வெட்டு. அடிப்பக்க வெட்டில் சங்கிலியின் மேல்வரிசை மரத்தில் படுவதால் கம்பு நம்மை நோக்கித் தள்ளும். மேலிருந்து அறுக்கும்போது மரத்தை நோக்கி இழுக்கும். இந்த இரண்டு உணர்வும் கைக்குப் பழகும்வரை மெல்லிய கொப்புகளில் மட்டும் வேலை செய்வது நல்லது. சங்கிலி ஓடும் தகட்டின் நுனி மட்டும் மரத்தில் மோதினால் கருவி உதைக்கும் என்பதால், ரம்பத்தலையின் அடிப்பகுதியைக் கொப்பின் மேல் சாய்த்து வைத்தபின்பே விசையை அழுத்த வேண்டும்.

மூன்றாவது வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதில் நம் ஊர்ப் பழக்கம் இரண்டு வகையாகத் தவறுகிறது. ஒரு சாரார் தண்டோடு தண்டாக வழித்து அறுப்பார்கள். மற்றொரு சாரார் துணி காயப்போடும் ஆணிபோல ஒரு சாண் கட்டையை விட்டுவிடுவார்கள். கொப்பு தண்டோடு சேருமிடத்தில் ஒரு மோதிரப் புடைப்பு இருக்கும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். 1977இல் அந்த விளக்கம் துறை வெளியீடாகவே வந்தது. அந்தச் சுவர் எழும்புமிடம் இந்தப் புடைப்புதான். அதை வழித்தெடுத்தால் அழுகல் தண்டுக்குள் இறங்கும்; கட்டையை நீட்டி விட்டால் புதுப்பட்டை அதை மூட முடியாமல் நிற்கும். புடைப்பை விட்டு, அதை ஒட்டி அறுக்க வேண்டும். பதினைந்தடிக் கம்பின் நுனியில் இந்த விரற்கடைக் கணக்கைப் பிடிப்பது எளிதன்று. தண்டை ஒட்டிய முக்கியமான வெட்டுகளை, பாரம் முழுவதும் இறங்கியபின், ஏணியில் நின்று கைரம்பத்தால் முடிக்கச் சொல்வது என் வழக்கம்.

வெட்டின் மேல் எதையாவது பூசியே ஆக வேண்டுமா என்றால், பூச்சு காயத்தை ஆற்றாது என்பதும் ஷைகோவின் முடிவுகளில் ஒன்று. ஆனாலும் மாமரத்துக்குத் தண்டுத் துளைப்பான் தொல்லை இருப்பதாலும், காயம்பட்ட பட்டையை அந்த வண்டு தேடி வருவதாலும், பருமனான வெட்டுகளுக்குப் போர்டோ பசை தடவுகிறேன். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்பது அதன் அளவு. இரும்புப் பாத்திரம் ஆகாது. கவாத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் காலம் ஆகஸ்ட், செப்டம்பர். அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. கருவி கையில் இருக்கிறதே என்று ஆண்டுதோறும் கொப்பைக் கழிப்பவர், அடுத்த பருவத்துக் காயைத் தாமே கழிக்கிறார்.

தென்னைக்கு இந்த ரம்பம் வேண்டாம். உயரம் எட்டாது என்பது ஒரு காரணம். எட்டுகிற இளங்கன்றுகளில் பச்சை மட்டையை அறுத்தால், அந்தப் புதுக்காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறார்கள். மட்டையின் நார் சங்கிலிக்குள் சுற்றிக்கொண்டு பற்சக்கரத்தை அடைப்பதும் தனித் தொல்லை. முருங்கைக்கும் இது தேவையில்லை. செடிமுருங்கையைக் காய்ப்பு முடிந்தபின் தரையிலிருந்து மூன்றடியில் வெட்டிவிட கைரம்பமே போதும்.

மாறாக, வேலியோரத்துக் கிளைரிசிடியாவுக்கும் சவுண்டலுக்கும் இது மிகப் பொருத்தமான கருவி. தழை ஆட்டுக்கும் மரத்தடி மூடாக்குக்கும் போகிறது. சீமைக் கருவேலத்தில் இதன் அருமை இன்னும் தெரியும்: முள் கைக்கு எட்டாத தூரத்திலேயே நின்று, வெளிக்கொப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்து, தூரை நெருங்கலாம். வெட்டிவிட்டு வந்தால் அது மீண்டும் துளிர்க்கும் என்பதால், தூரை வேரோடு பறிக்கும் வேலை அதன்பின்னும் இருக்கிறது. மாமரத்து முசுறு எறும்புக் கூடுகளும் அறுக்கிறவரின் கழுத்தில் விழாமல் ஆறடி தள்ளி விழுகின்றன. ஏறி வெட்டியவர்களுக்கு இந்த வசதியின் மதிப்பு தெரியும்.

மின்கம்பி செல்லும் இடத்தில் இந்தக் கருவியை எடுக்கவே கூடாது. அலுமினியக் குழாய் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி நாரால் செய்த கம்பும் ஈரமும் தூசியும் படிந்தபின் நம்பத்தக்கதன்று. பச்சைக் கொப்பே கம்பியில் சாய்ந்தாலும் போதும். எங்கள் வரப்போரம் செல்லும் கம்பிக்கு அருகிலுள்ள கொப்புகளை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மின்வாரிய ஊழியர்கள் கழித்துவிடுகிறார்கள். முன்கூட்டியே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கிறது.

பராமரிப்பில் பலரும் கவனிக்காதது எரிபொருள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. இந்தச் சிறு எஞ்சின்களின் கையேடுகளில் பெரும்பாலானவை 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் தண்ணீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எண்ணெய் கலந்து ஓட்டும் இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில், எண்ணெயில்லாத அந்த அடித்திரவத்தை எஞ்சின் உறிஞ்சினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றிருந்தால் 40 மி.லி. எண்ணெய். அன்றைய வேலைக்கு மட்டும் கலந்து, முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பதே பாதுகாப்பானது.

சங்கிலிக்கு எண்ணெய் ரம்பத்தலையிலேயே தனித் தொட்டியில் இருக்கிறது. கழிவு எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றும் பழக்கம் வேண்டாம். உலோகத்தூள் நிறைந்த அந்த எண்ணெய் பம்பைக் கெடுக்கும். வேலைக்கு முன் தகட்டின் நுனியை ஓர் அட்டைக்கு அருகில் பிடித்து விசையை அழுத்தினால் மெல்லிய எண்ணெய்க் கோடு தெறிக்க வேண்டும். அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவாக விழத் தொடங்கினால் அரம் எடுக்க வேண்டிய நேரம். மாமரப் பட்டையில் கரையான் ஏற்றிய மண்பூச்சு சங்கிலியை நொடியில் மழுக்கிவிடும் என்பதால், அறுக்குமிடத்தை முதலில் தொரட்டிக் கம்பால் சுரண்டிவிட வேண்டும். மாற்றுச் சங்கிலி வாங்கும்போது நீளத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கண்ணியளவு (பிட்ச்), சங்கிலி ஓடும் தகட்டுப் பள்ளத்தின் அகலம் (கேஜ்), அந்தப் பள்ளத்துக்குள் ஓடும் உள்கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். கருவி வாங்கும் நாளிலேயே இம்மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டு ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டால், பருவத்தின் நடுவில் அலைய வேண்டியதில்லை.