ஆசாரத்துச் சுவரில் எழுந்த கொப்புளம்

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் ஆசாரத்துச் சுவர், அதாவது வீட்டுக் கூடத்தின் சுவர், கொப்புளித்துவிட்டது. ஆவணியில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் கையாலேயே சிமெண்ட் பூசி, புட்டி இழைத்து, இரண்டு கை எமல்ஷன் அடித்த சுவர். ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்ததும், சுட்ட அப்பளம்போல அங்கங்கே உப்பி நின்றது. ஒன்றை நகத்தால் கீறினேன். பெயிண்ட் ஒரு முழ நீளத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. முதுகு ஒடிந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீடு இவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, கட்டியது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் வழியில் ஒரு கிராமம். மண் சுவர், அதன்மேல் சுண்ணாம்புக் காரை, மங்களூர் ஓடு, முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம். அப்பத்தா போன பிறகு ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும், சனி ஞாயிறுகளில் கோவையிலிருந்து வந்து நாங்களே செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். மின்சார வேலைக்கு மட்டும் ஆள் வைத்தோம். சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். கதவு, நிலைகளைச் சுரண்டி எண்ணெய் பூசியதிலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

முதலில் கையைச் சுட்டது கூரைதான். ஆடியில் யாரும் வேலை தொடங்க மாட்டார்கள், தச்சர் சும்மா இருப்பார், கூலி குறையும் என்று இவர் கணக்குப் போட்டார். ஓட்டைப் பிரித்த அன்றே கணக்கு பிசகியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கம் ஆடியில் எப்படி அடிக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவரும் இங்கே பிறந்தவர்தான். கட்டியிருந்த தார்ப்பாய் இரவோடு இரவாகப் பறந்து, பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையில் தொங்கியது. ஆசாரம் முழுக்கச் சாரல்.

உடைந்ததும் விரிசல் விட்டதுமாக 200 ஓடு குறைந்தது. பழைய வீடுகளை இடித்த சாமான் விற்கும் ஒரு கடையில், மங்களூர் ஓடு எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். வண்டி வாடகை கொடுத்து ஏற்றி வந்தோம். ஏணியில் நின்று முதல் ஓட்டை வைத்தால், பக்கத்து ஓட்டின் காடியில் உட்காரவே இல்லை. ஒரு விரற்கடை விலகி நிற்கிறது. அமுக்கினால் மேல் வரிசை தூக்குகிறது. புரட்டிப் பார்த்தோம். எங்கள் ஓட்டின் அடியில் ஃபரோக் என்று ஊர்ப்பெயர் அச்சாகியிருந்தது. வாங்கி வந்ததில் வேறு ஊர், வேறு கம்பெனி. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் தொடங்கியதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டதே தவிர, பிறகு கோழிக்கோட்டுப் பக்கத்து ஃபரோக் வரை எத்தனையோ ஆலைகள் இந்த ஓட்டைச் செய்தன. ஆளுக்கு ஓர் அச்சு. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஓடு வாங்கப் போகிறவர்கள் உங்கள் வீட்டு ஓடு இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள். அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். பிறகும் நம்பாமல், கடை வாசலிலேயே தரையில் வைத்துக் கோத்துப் பாருங்கள். ஆனைமலைப் பக்கம் இடித்த ஒரு வீட்டில் எங்களுக்கு அதே முத்திரை கிடைத்தது. அன்று இரவு பரோட்டா வாங்கிக் கொண்டாடினோம்.

அந்தத் தெம்பில்தான் சுவரைத் தொட்டோம். காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினால் உங்கள் பேரன் காலம் வரை நிற்கும் என்று பெயிண்ட் கடையில் சொன்னார்கள். இரண்டு மாதம் நின்றது. சிமெண்ட் யோசனை என்னுடையது என்று இவர் இன்றும் சொல்கிறார். எமல்ஷன் மட்டும்தான் என்னுடையது.

கொப்புளம் வந்த பிறகு, பக்கத்துத் தெருவில் இருக்கும் பழைய கொத்தனாரை அழைத்து வந்தோம். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலியால் சாரம் ஏறுவதை விட்டவர். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மண்சுவர் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும் அம்மணி. சுண்ணாம்பு இருந்தவரைக்கும் குடித்ததை வெளியே விட்டது. நீங்கள் வாயை அடைத்துவிட்டீர்கள். அது எந்த வழியாகப் போகும்?"

சிமெண்டைப் பெயர்க்க நான்கு வாரம் ஆனது. சும்மா வரவில்லை, சுவரின் மண்ணையும் பிடித்துக்கொண்டு வந்தது. பள்ளங்களைச் செம்மண்ணும் வைக்கோலும் மிதித்து அடைத்தோம். பையில் வரும் பொடி வேண்டாம், சுட்ட கல்லாகவே சுண்ணாம்பு வாங்கி வாருங்கள் என்றார் கொத்தனார். முதலில் வாங்கி வந்த மூட்டையைத் தண்ணீரில் போட்டால் சத்தமே இல்லை. கடையில் மூட்டை வாய் திறந்து கிடந்து, காற்றில் ஈரம் பட்டே நீறிப்போயிருந்தது. மறுபடியும் பயணம், மறுபடியும் செலவு. இந்த முறை ஒரு தகரக் குவளையும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோனேன். கொட்டைப்பாக்கு அளவு கல் ஒன்றைக் குவளையில் போட்டதும் சீறி வெடித்துக் கொதித்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும்.

வீட்டில் இவர் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து, கல்லை அள்ளிப் போட்டார். இரண்டு நிமிடத்தில் வாளியின் இடுப்பு இளகிச் சாய்ந்து, வெள்ளைக் குழம்பு வாசலில் ஓடியது. இரும்பு டிரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள். தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

நீற்றியதைக் குழியில் தண்ணீர் நிற்க இரண்டு வாரம் விட்டுவைத்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. பக்குவம் சரியா என்று கொத்தனார் திண்ணையில் உட்கார்ந்தபடியே கரண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். கலவை கீழே விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று முறை அனுப்பினார். நான்காவது முறை ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை எடுத்து மடித்தார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கையுறை போடாமல் பூசிய நாளில் விரல் நுனி வெந்து, ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை. பூசிய பின் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு முதல் பகுதியை வெயிலில் காயவிட்டதில் மயிர்வெடிப்பு.

அலங்காரம் என்று நான் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். வெள்ளையில் துளி நீலம், அடியில் காவிப் பட்டை, திண்ணையில் பவானி ஜமக்காளம், மூலையில் அப்பத்தாவின் பித்தளை அண்டா. இவ்வளவுதான் நிறைவேறியது.

பொருந்தாத 200 ஓடும் மாடு கட்டும் கட்டுத்தரை ஓரம் அடுக்கிக் கிடக்கிறது. சமையலறைக்கும் ஆவணியிலேயே சிமெண்ட் பூசியிருந்தோம். போன ஞாயிறு அடுப்புத் திட்டின் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.