என் கற்பனை உலகத்துக்குப் பேய் செஞ்சு பார்த்த அனுபவம்: ஆறு வாரம் ஆச்சு

கடல் வத்திப்போய் வெறும் உப்புத்தரை மட்டும் மிஞ்சுன ஒரு உலகத்தை கொஞ்ச நாளா கட்டிட்டிருக்கேன், பேரு உவர்வெளி. மேப் முடிஞ்சிருச்சு, ஊருங்க முடிஞ்சிருச்சு, யாரு யாருக்கு வரி கட்டுறாங்கங்கறது வரைக்கும் எழுதியாச்சு, ஆனா பேய் வகைங்க மட்டும் அசையவே இல்ல, அதனால கடைசி ஆறு வாரமா வேற எதையும் தொடாம அதுமேலயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரம் எல்லாரும் செய்ற மாதிரிதான் நானும் ஆரம்பிச்சேன். எக்ஸெல் திறந்து உயரம், நிறம், கொம்பு எத்தனை, இறக்கை உண்டா, எதுக்கு பயப்படும்னு தனித்தனி கட்டமா போட்டு 23 வகை எழுதிட்டேன், பாக்க நிறைவா இருந்துச்சு. அப்புறம் பேரு இருக்குற கட்டத்தை மறைச்சுட்டு படிச்சா எது எதுன்னு எனக்கே தெரியல. நெருப்பு அரக்கன்கிட்ட நெருப்பை எடுத்துட்டா பனி அரக்கன், அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டு நாள் அந்த ஷீட்டையே திறக்கல, மனசு விட்டுப்போச்சு.

மறுபடி உட்கார வச்சது கலிங்கத்துப்பரணி, சோழர்களோட கலிங்கப் போரைப் பாடுற பழைய நூல். செயங்கொண்டார் அதுல பேய்களைப் பாடுற பகுதி ஒண்ணு இருக்கு, அதுல வர்ற பேய்ங்கள்ல சிலதுக்கு ஊனம் இருக்கு, அந்த ஒவ்வொரு ஊனத்துக்கும் ஒரு காரணம். ஒண்ணுக்கு கண்ணு போனது எப்படின்னா, முன்னாடி நடந்த சக்கரக்கோட்டத்துப் போர்ல ரத்தமும் குடலும் கலந்து காய்ச்சுன சூடான கூழ் தெறிச்சு. இன்னொண்ணு போர்க்களத்துல வீரர்கள் போட்ட ஆரவாரத்துல செவிடாயிருச்சு. 12ஆம் நூற்றாண்டுல எழுதுனது, அந்தப் பேய்ங்களுக்கு ஒரு கடந்த காலம் இருக்கு பாருங்க, என் 23ல ஒண்ணுக்குக் கூட அது இல்ல! அன்னைக்கு ராத்திரியே ஷீட்ல இருந்த எல்லா கட்டத்தையும் அழிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி மட்டும் வச்சேன்: இது வந்துட்டுப் போன வீட்டுல என்ன குறையும்?

அந்தக் கேள்விக்கு 23ல நாலுதான் பதில் சொல்லுற மாதிரி இருந்துச்சு, மிச்சம் 19ஐயும் தூக்கிட்டேன். நெருப்பு அரக்கனும் போயிட்டான், அவனை வரைஞ்ச படம் நல்லா வந்திருந்துச்சு, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பேரு விஷயத்துலயும் ஒரு மாத்தம். முன்னாடி எல்லாத்துக்கும் வாய்க்குள்ள நுழையாத பேரா வச்சிருந்தேன், கடைசில ‘அசுரன்’னு ஒட்டிருவேன். ஆனா பேயோட பேரை வைக்கிறது அதுக்கு பயந்த ஜனங்கதானே, அவங்க வீட்டுப் பேச்சுல இருக்குற வார்த்தைதான் வச்சிருப்பாங்க. அப்படி வந்ததுதான் வாக்குண்ணி. வாக்கை உண்ணுறதால வாக்குண்ணி, மாட்டுல ஒட்டிக்கிட்டு விடாத உண்ணி ஞாபகமும் கூடவே வரும், எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு இது.

வாக்குண்ணிக்கு ரூல் சின்னதுதான். பக்கத்துல யாராவது வாக்கு கொடுத்தா அதை சாப்பிட்டுரும், கொடுத்த ஆளுக்கு அப்படி ஒரு வாக்கு கொடுத்ததே மறந்துரும். காதாலதான் சாப்பிடும், அதனால வாய் கிடையாது. இதை வரையறதுக்கு நாலு தடவை ஆச்சு. முதல் மூணுலயும் பெரிய பெரிய காதா போட்டேன், வௌவால் மாதிரி ஆகிப்போச்சு. நாலாவதுல ஆளை சாதாரண உயரத்துக்கு கொண்டுவந்து, வாய் இருக்க வேண்டிய இடத்தை முழங்கால் தோல் மாதிரி லேசா சுருங்குன வெறும் தோலா விட்டு, காதை மட்டும் காஞ்ச இலை சுருண்ட மாதிரி போட்டேன். பென்சிலை கீழ வச்சதும் எனக்கே அதைப் பாக்கப் பிடிக்கல, அப்போதான் சரியா வந்திருக்குன்னு தெரிஞ்சுச்சு.

நாலாவது வாரம் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரை உட்கார வச்சு கதை விளையாட்டா ஓட்டிப் பார்த்தோம், நான் கதை சொல்றேன், அவங்க ஆளுக்கொரு கேரக்டர். ஒருத்தன் வாக்குண்ணியைப் பார்த்ததும் வேகமா ‘உன்னைக் கொல்லாம விடமாட்டேன், இது சத்தியம்’னான். அதுவும் வாக்குதானே! சாப்பிட்டுருச்சு. அவன் கேரக்டர் கையில கத்தியோட, எதுக்கு இங்க வந்தோம்னு தெரியாம நிக்கிறான், மேசைல ஒரு நிமிஷம் யாரும் பேசல. இன்னொருத்தி அதைப் பார்த்து உஷாராகி, தன் சத்தியத்தை முதல்லயே உள்ளங்கைல எழுதிட்டு அப்புறம்தான் வாய்விட்டு சொன்னா. எழுத்து அழியாதுன்னு நான் ஒத்துக்கிட்டேன், ஆனா எழுதுனது தான்தான்னு அவளுக்கு ஞாபகம் இருக்காதே, யாரோ தன் கையில எதையோ எழுதி வச்சிருக்காங்கன்னு பயந்து உப்புல தேய்ச்சு அழிச்சுட்டா. இதெல்லாம் நான் பிளான் பண்ணதே இல்ல, ரூல் சரியா இருந்ததால தானா நடந்துச்சு.

அப்போ மூணாவது ஆள் ஒரு கேள்வி கேட்டான், வாக்கை வாங்கிக்கிட்ட ஆளுக்கும் மறந்துருமான்னு. அதை நான் யோசிக்கவே இல்ல. ஆட்டத்தை அங்கேயே நிறுத்திட்டு ஒரு வாரம் அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேருக்கும் மறந்துட்டா யாருக்கும் நஷ்டமே இல்ல, பேய் வந்ததே தெரியாது. அதனால வாங்குன ஆளுக்கு ஞாபகம் இருக்கும்னு முடிவு பண்ணேன், அதுக்கப்புறம் அந்தப் பேய் நான் நினைச்சதை விட பல மடங்கு கொடூரமா ஆயிருச்சு. ஏன்னா வாக்குண்ணி சுத்துற ஊர்ல பாதிப்பேர் காத்துக்கிட்டே இருப்பாங்க, மீதிப்பேர் யாருக்கும் ஒண்ணும் தரவேண்டியதில்லன்னு நிம்மதியா தூங்குவாங்க, ரெண்டு பக்கமும் பொய் சொல்றவங்க யாருமே கிடையாது.

மத்த மூணை சுருக்கமா சொல்லிடுறேன். கிணத்துக்குரல், வத்துன கிணத்துல இருக்கும், அந்தக் கிணத்துக்குள்ள எப்பவோ யாரோ பேசுன வார்த்தைங்களை மட்டும்தான் பேசும், இது கிட்டத்தட்ட ரெடி. நிழல்வாங்கி இன்னும் அரைகுறை. ஊறல்னு ஒண்ணு, மத்த பேய்ங்களை விரட்டுற பேய். பழைய மெசபடோமியால பசூசுன்னு ஒரு காத்துப் பேய் உண்டு, அதுவே கெட்டதுதான், ஆனா கர்ப்பிணிகளையும் பச்சக்குழந்தைகளையும் தாக்குற லமாஷ்டுங்கற பெண் பேயை விரட்ட அதோட தலையை தாயத்தா செஞ்சு போட்டுக்கிட்டாங்க. ஒரு கெட்டதை வீட்டுக்கு வெளிய நிறுத்த இன்னொரு கெட்டதை வாசல்லயே வச்சுக்கிறதுங்கற எண்ணம் மனசுல ஒட்டிக்கிச்சு. ஊறலை வாசல்ல வச்சா வாக்குண்ணி உள்ள வராது, அதுக்கு பதிலா ஊறல் வீட்டுல இருந்து எதை எடுத்துக்கும்னுதான் இன்னும் பிடிபடல. தூக்கம்னு எழுதிப் பார்த்தேன், சிரிப்புன்னு எழுதிப் பார்த்தேன், ரெண்டுமே ஏற்கனவே எங்கயோ படிச்ச மாதிரி இருந்துச்சு, அடிச்சுட்டேன்.

நேத்து வாக்குண்ணிக்குன்னு ஒரு பக்கம் கதையா எழுதுனேன். ஒரு அம்மா திண்ணைல உட்கார்ந்திருக்காங்க, அந்தப் பக்கம் போற ஒரு ஆளு மரியாதையா நின்னு ‘யாருக்கும்மா காத்திருக்கீங்க?’ன்னு கேக்குறான், வர்றேன்னு வாக்கு கொடுத்தது அவனேதான். அந்த அம்மா என்ன பதில் சொல்வாங்கன்னு மூணு விதமா எழுதி வச்சிருக்கேன், அடுத்த தடவை உட்கார்றப்போ ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மூணையும் வாசிச்சுக் காட்டணும், அதுக்குள்ள ஊறலுக்கும் ஒரு பதில் கிடைச்சா சேர்த்து ஓட்டிப் பார்த்துரலாம்.