811-க்கும் 813-க்கும் நடுவே

நம் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி மூன்று தடவை நினைவூட்டல் வந்துவிட்டது. "விளையாட்டு விழா மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள்" என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது. எனக்கு அந்தக் கவலை இல்லை. விளையாட்டு விழா நடந்த நாட்களிலெல்லாம் நான் நூலகத்தில் இருந்தவன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னை நூலக உதவிக்குப் போட்டார்கள். திரும்பி வரும் புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, அதனதன் இடத்தில் செருக வேண்டும். நூலகங்களில் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் 800 என்றால் இலக்கியம். அதில் 811 அமெரிக்கக் கவிதை, 812 நாடகம், 813 கதை. இங்கிலாந்துக்காரர்களுக்கு 821, 823. வங்கிக் கணக்கு எண்கூட மறந்துபோகிறது, இது மறப்பதில்லை.

ஒருநாள் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் தடித்த தொகுப்பு ஒன்று, எண் சீட்டுப் பிய்ந்து வந்தது. புரட்டினேன். முன்னால் முழுக்கக் கதை, பின்னால் கவிதை. "டீச்சர், இதை எங்க வைக்கிறது?" நூலக டீச்சர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "படிச்சுப் பாரு. அப்புறம் நீயே சொல்லு."

கதைகள் எங்கள் வகுப்பில் வாய்வழியாகவே பரவியிருந்தன. சுவருக்குள் ஆளை வைத்துப் பூசுவது, தரைப் பலகைக்கு அடியில் இதயம் துடிப்பது, இப்படி. அவர் பெயரும் எங்களுக்கு நல்ல கேலி. "போ எங்கடா?" "போ போயிட்டார்." பேய்க்கதைக்காரர் என்று முடிவுகட்டிவிட்டோம். முன்னுரையைப் படித்தபோதுதான் தெரிந்தது, மனிதர் 1827இல், 18 வயதில், 40 பக்கத்தில் ஒரு கவிதைப் புத்தகம் போட்டிருக்கிறார். பெயர்கூடப் போடாமல் 'ஒரு பாஸ்டன்காரர்' என்று மட்டும். அச்சிட்டது ஏறக்குறைய ஐம்பது பிரதிகள். 1829இல் இரண்டாவது கவிதைப் புத்தகம், 1831இல் மூன்றாவது. முதல் கதை பத்திரிகையில் வந்தது அதற்குப் பிறகு, 1832இல். கவிதை சோறு போடவில்லை, கதைக்குப் பத்திரிகைகள் ஏதோ காசு கொடுத்தன.

அப்படியானால் இவர் 811தானே? கொண்டுபோய் வைத்துவிட்டேன். மறுவாரம் பார்த்தால் புத்தகம் 813இல் இருக்கிறது. எடுத்துத் திரும்பவும் 811இல் வைத்தேன். அடுத்த வாரம் மறுபடியும் 813.

முகம் தெரியாத அந்த எதிராளிக்கு ஆதாரம் காட்டவே கதைகளையும் வரி விடாமல் படித்தேன். அஷர் குடும்பத்து வீடு இடிந்து விழும் கதைக்கு நடுவில் ஒரு பாட்டு வருகிறது. 1839இல் முதலில் தனியாக வெளியிட்டு, அதே ஆண்டில் கதைக்குள்ளும் வைத்திருக்கிறார். பசுமையான பள்ளத்தாக்கில் ஓர் அரண்மனை. கூரைமேல் பொன்மஞ்சள் கொடிகள் அசைகின்றன. ஒளிவிடும் இரண்டு சன்னல்கள். முத்தும் மாணிக்கமும் பதித்த வாசல், அதன் வழியாக எதிரொலிகள் பாடிக்கொண்டு வந்து அரசனின் அறிவைப் புகழ்கின்றன. அப்புறம் துயரம் வந்து அரண்மனையைப் பிடிக்கிறது. சன்னல்கள் சிவக்கின்றன. வெளிறிப்போன வாசல் வழியாக ஒரு கூட்டம் ஓயாமல் ஓடிவருகிறது. சிரிக்கிறது, ஆனால் புன்னகைப்பதில்லை.

முதல் தடவை ஏதோ பாழடைந்த அரண்மனை என்று தாண்டிப் போனேன். இரண்டாம் தடவை கொடி என்றால் தலைமுடி, சன்னல் என்றால் கண், முத்தும் மாணிக்கமும் பல்லும் உதடும் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அரண்மனையே இல்லை. மனிதத் தலை. உள்ளே இருந்த அரசன் புத்தி. புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தால், எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவனின் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. அவன் வேறு அந்த நேரம் பார்த்துச் சிரித்தான்.

அந்த ஆண்டு ஒப்புவித்தல் போட்டிக்கு அண்டங்காக்கைக் கவிதையை எடுத்துக்கொண்டேன். 1845 ஜனவரி 29 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வந்து, போவுக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்த கவிதை. 18 பாட்டு, 108 அடி. ஒவ்வொரு பாட்டிலும் ஐந்து அடி நீளமானது, நம் எண்சீர் மாதிரி. ஆறாவது மட்டும் குட்டை. எட்டாவது பாட்டிலிருந்து அந்தக் குட்டையடி ஒவ்வொன்றும் 'நெவர்மோர்' என்று வந்து விழும், இனி ஒருபோதும் இல்லை என்று. மேசையை விரலால் தட்டித் தட்டி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த தமிழ் ஐயா, "என்னடா அது, சந்தம் மாதிரி இருக்கு?" என்றார்.

"பேய்ப் பாட்டு மாதிரி, ஐயா."

"பேய் பாட்டுல வராம வேற எதுல வரும்?" என்றவர், விடைத்தாளை ஒதுக்கிவிட்டுக் கலிங்கத்துப்பரணிக்குப் போய்விட்டார். ஜெயங்கொண்டாரின் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகிற கதையைச் சொன்னார். 'எடுமெடு மெடுமென' என்று அவர் எடுத்தபோது பொருள் புரிவதற்கு முன்பே எங்கள் கால் தாளம் போட்டது. காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டு பாடியவர் என்றார். பயத்தை எழுத முதலில் கால்கணக்குத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளும்படி எதையும் நான் படித்துவிடவில்லை.

போட்டியில் பதினான்காவது பாட்டில் மறந்து நின்றேன். என்ன செய்வது, 'நெவர்மோர்' என்று மட்டும் கனத்த குரலில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஆறுதல் பரிசு கிடைத்தது.

போ அந்தப் பாட்டை எப்படிக் கட்டினேன் என்று 1846இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். முதலில் நீளத்தை முடிவு செய்தாராம், நூறு அடி அளவு. அப்புறம் 'ஓ' நெடிலும் 'ர்' ஒலியும் சேர்ந்த ஒரு சொல். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அறிவில்லாமல் பேசுகிற ஒரு பிராணி. முதலில் நினைத்தது கிளியாம்! ஒரு பச்சைக்கிளி 'நெவர்மோர்' சொல்வதை யோசித்துப் பாருங்கள். எல்லாம் முடிந்தபிறகு கட்டிய கணக்கு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் பயத்தை அளந்து வெட்டித் தைக்கலாம் என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னது பிடித்திருந்தது. அவருடைய கடைசிப் பாட்டுகளில் ஒன்று, அவர் இறந்து இரண்டே நாளில், 1849 அக்டோபர் 9 அன்று அச்சில் வந்தது. அதுவும் கடலோரக் கல்லறையில் படுத்திருக்கும் காதலியைப் பற்றியது.

நாடு மாறி வந்த முதல் வருடங்களில் எனக்கு இரவு வேலை. அப்போதுதான் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் கைக்கு வந்தார். அவருடைய ஆரம்பகாலக் கவிதை பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்களைப் பார்த்து எழுதிய ஈரடிகள். நேர்மையாகச் சொன்னால் கொட்டாவி வரும். ஆனால் 1929 நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் ஊரான பிராவிடன்ஸின் நாளிதழில் பத்தி எழுதிய பெர்ட்ரண்ட் ஹார்ட் என்பவர், லவ்கிராஃப்டின் கதை ஒன்றில் வரும் வீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார். தாமஸ் தெரு, 7ஆம் எண். அவரே ஒரு காலத்தில் குடியிருந்த வீடு! இதற்குப் பழிவாங்க, இரவு மூன்று மணிக்கு உன் வாசலுக்கு ஒரு பேயை அனுப்புகிறேன் என்று பத்தியிலேயே மிரட்டினார். லவ்கிராஃப்ட் விழித்திருந்து ஒரு சானெட் எழுதினார், பதினான்கே அடி. பேய் மூன்று மணிக்கு வரும் என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போகிறான். கேட்டவன் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான், ஆனாலும் இன்னொரு விளக்கை ஏற்றுகிறான். தேவாலய மணி மூன்று அடிக்கிறது. கதவில் மெல்ல ஒரு கடகடப்பு கேட்கிறது.

அந்த இன்னொரு விளக்கு இருக்கிறதே, அதற்காக இரண்டு நாவல்களைத் தரலாம். நானும் இதைப் படித்தது ஒரு காலிக் கட்டடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில். எந்த விளக்கையெல்லாம் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அதே ஆண்டு டிசம்பர் 27 முதல் ஜனவரி 4 வரை, ஒன்பது நாட்களில் அவர் 35 சானெட்டுகள் எழுதினார். முன்பே எழுதியிருந்த ஒன்றைப் பிற்பாடு சேர்த்து 36 ஆயிற்று. விளையாட்டுக்கு வந்த பேய் கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அவருடைய நண்பர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் இன்னும் தெளிவான உதாரணம். 1912இல், 19 வயதில் கவிதைப் புத்தகம். பிரெஞ்சைத் தானே கற்று, பிரெஞ்சுக் கவிஞர் போதலேரை மொழிபெயர்த்தவர். போவின் கதைகளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவரும் இதே போதலேர்தான். வயதான பெற்றோரைக் காப்பாற்ற 1929 தொடங்கி ஐந்தாறு வருடம் பேய்க்கதையாக எழுதித் தள்ளினார். பெற்றோர் போனபிறகு கதையும் ஏறக்குறைய நின்றுபோனது, கவிதை நிற்கவில்லை. இன்றைக்கு அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஐந்தாறு வருடத்தைத் தேடித்தான் வருகிறார்கள்.

திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கும் தன் கதைத் தொகுப்புகளில் கவிதைகளைச் செருகியிருக்கிறார், 1985இல் இரண்டு, 2015இல் இரண்டு. பல்கலைக்கழகக் கவிதைப் பட்டறையில்தான் மனைவிமேல் காதல் வந்ததாம். காதல் வரவைத்த கவிதை அவருடையது இல்லை, மனைவியுடையது.

சரி, அந்தப் போ தொகுப்பு. கடைசித் தேர்வு முடிந்த அன்று டீச்சரிடம், "இன்னும் முடிவு பண்ணலை டீச்சர்" என்றேன். அவர் எழுந்து, புத்தகத்தை 812இல், நாடகங்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் பேரேட்டுக்குத் திரும்பினார்.

இதை எழுத உட்கார்ந்தபோது நம் வகுப்புக் குழுவில், யார் அதை ஒவ்வொரு வாரமும் மாற்றியது என்று கேட்டேன். இரண்டு பேர் 'நான்தான்' என்று உடனே பதில் போட்டார்கள். ஒருத்தி 811இலிருந்து எடுத்து 813இல் வைத்தாளாம். இன்னொருவன் 813இலிருந்து எடுத்து 811இல் வைத்தானாம். அப்படியானால் நான் வைத்தது எத்தனை தடவை என்று இப்போது கணக்குத் தெரியவில்லை.